டெக்சஸ் வரி அலுவலரும் வாசல் மாறிய கோபமும்

அக்டோபர் கடைசியில் சொத்து வரி பில் வரத் தொடங்கியதும் டெக்சஸ் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சு கிடையாது. "கவுண்டிக்காரன் இந்த வருஷமும் ஏத்திட்டான்." பிளேனோ, ஃப்ரிஸ்கோ, கேட்டி, ஷுகர் லேண்ட், ரவுண்ட் ராக் என்று எங்கே போனாலும் இதே பல்லவிதான். பில்லின் தலைமாட்டில் கவுண்டி வரி அலுவலரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. செக்கும் அவர் பெயருக்குத்தான் போகிறது. ஆகவே ஏற்றியவரும் அவரே என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அடுத்த முடிவும் தானாக வந்து சேர்கிறது: வரியைக் குறைப்பவரே நல்ல வரி அலுவலர். நம்மவர்கள்தான் இப்படி நினைக்கிறார்கள் என்றில்லை, ஊரே இப்படித்தான் நினைக்கிறது. அந்தப் பதவிக்கு நிற்பவர்களிலும் சிலர் இதையே வாக்குறுதியாக்கி வோட்டுக் கேட்கிறார்கள்.

இந்த எண்ணம் தவறு என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இதனால் நஷ்டப்படுவது பில் கட்டுகிற நாம்தான். வரியை உண்மையில் கூட்டுபவர்கள் நம் கண்ணில் படாமல் தப்பிக்கிறார்கள். வரி அலுவலரிடம் நியாயமாகக் கேட்க வேண்டியவற்றை நாம் கேட்பதே இல்லை.

முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. 'டாக்ஸ் அசெஸர்-கலெக்டர்' என்ற இந்தப் பதவி மாநில அரசியல் சட்டத்திலேயே இருப்பது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலெக்டர் என்றதும் நம் மாவட்ட ஆட்சியர் நினைவுக்கு வரும். இவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, அந்த நியமனமும் இல்லை. உங்கள் வீட்டின் மதிப்பு என்ன என்று முடிவு செய்வது இவர் வேலையே அல்ல. ஒரு காலத்தில் நகராட்சி, பள்ளி நிர்வாகம், கவுண்டி என ஒவ்வொன்றும் தனித்தனியே மதிப்புப் போட்டன. ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்பு இருந்த காலம் அது. 1979-இல் சட்டமன்றம் சொத்து வரிச் சட்டத்தைப் புதிதாக எழுதி, மதிப்பிடும் பொறுப்பை 'அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்' என்ற தனி அமைப்பிடம் கொடுத்தது. 1982 முதல் அதுதான் நடைமுறை.

வரி விகிதத்தை முடிவு செய்வதும் இவர் இல்லை. கவுண்டிக்கு கமிஷனர்ஸ் கோர்ட் என்ற நிர்வாகக் குழு, ஊருக்கு சிட்டி கவுன்சில், பள்ளிக்கு ஸ்கூல் போர்டு, இவை போகச் சில இடங்களில் கம்யூனிட்டி காலேஜுக்கும் அரசு மருத்துவமனைக்கும் தனித்தனி போர்டுகள். ஒவ்வொன்றும் தன் விகிதத்தைத் தானே ஓட்டெடுத்து நிறைவேற்றுகிறது. வரி அலுவலர் மதிப்பை அங்கிருந்தும் விகிதத்தை இங்கிருந்தும் வாங்கி, பெருக்கி, பில் அனுப்புகிறார்.

பில்லை ஒருமுறை முழுசாகப் படித்தாலே இது விளங்கிவிடும். உதாரணத்துக்கு, குடியிருக்கும் வீடு ஒன்றின் மதிப்பு 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வரிக்கான இடத்தில் 'ஹோம்ஸ்டெட்' விலக்கு 1,40,000 டாலர் கழிந்து, 2,60,000-க்குத்தான் வரி. அதற்கு எதிரே பள்ளியின் விகிதம், அடுத்த வரியில் நகரத்தின் விகிதம், அதற்கும் கீழே கவுண்டி. மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில் பள்ளிகளின் செலவில் பெரும்பகுதி இந்தச் சொத்து வரியில்தான் ஓடுகிறது. அதனால் பெரும்பாலான பில்களில் பெரிய தொகை பள்ளிக்கு உரியது. கவுண்டியைத் திட்டுகிறவர் தன் பில்லில் கவுண்டிக்குப் போவது எவ்வளவு என்று பார்த்ததே இல்லை.

சமீபத்திய வரிக் குறைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வரிக்கான விலக்கு 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆனது 2023-இல். 1,40,000 ஆனது 2025-இல். இரண்டையும் சட்டமன்றம் முன்மொழிந்தது, நவம்பர் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். எந்தக் கவுண்டி வரி அலுவலரும் அதைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. குறைத்ததற்கு அவருக்கு மாலை போட முடியாது என்றால், கூட்டியதற்கு அவரைத் தூற்றுவது மட்டும் எப்படி நியாயம்? எய்தவன் இருக்க அம்பை நோகிறோம்.

எய்தவர்களுக்கு இது நல்ல வசதி. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அவர்கள் விகிதத்தை நிறைவேற்றும்போது பொது விசாரணைக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அந்தக் கூட்டங்களில் காலி நாற்காலிகளே அதிகம். "நாங்கள் விகிதத்தை ஏற்றவே இல்லை" என்று அங்கே மார்தட்டுவார்கள். விகிதம் அப்படியே இருந்தாலும் ஊரில் வீட்டு மதிப்பெல்லாம் 10 சதவீதம் ஏறினால் வசூலும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கண்கட்டு வித்தையை உடைக்கச் சட்டத்தில் விதிகள் உண்டு; 2019-இல் வந்த ஒரு சீர்திருத்தச் சட்டம் அவற்றை இறுக்கியது. சென்ற ஆண்டு இருந்த அதே சொத்துகளிடமிருந்து சென்ற ஆண்டு வசூலான அதே தொகையை வசூலிக்க எந்த விகிதம் போதும் என்று கணக்கிட்டு ஊரறிய வெளியிட வேண்டும். அதைத் தாண்டி விகிதம் வைத்தால், தீர்மானத்தின் வாசகத்திலேயே இது வரி உயர்வு, இத்தனை சதவீத உயர்வு என்று சொல்லித்தான் ஓட்டெடுக்க வேண்டும். நகரங்களும் கவுண்டிகளும் அன்றாடச் செலவுக்கான வசூலை 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்ட நினைத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, மக்களிடம் ஓட்டுக்கு வர வேண்டும். முன்பு அந்த வரம்பு 8 சதவீதம்.

இந்தக் கணக்கைப் பல இடங்களில் போட்டுத் தருவது யார்? கவுண்டி வரி அலுவலகம். கணக்குத் தாள்களைக் கவுண்டியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கடமையும் வரி அலுவலருக்கு உண்டு. வரியை ஏற்றியவன் என்று நாம் ஏசுகிறவர்தான் ஏற்றியவர்கள் யார், எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை எண்ணிக்கையில் எழுதி நம் முன்னால் வைக்கிறார். நாம் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

"சரி, அவருக்கு அதிகாரம் இல்லை, கொடுத்தால் குறைப்பாரே" என்பார்கள். கொடுத்த இடத்தில் நடந்ததைப் பார்ப்போம். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் வீட்டு மதிப்பைப் போடுவது தேர்தலில் ஜெயித்து வரும் அசெஸர்தான். ஜோசப் பெரியோஸ் அந்தப் பதவியில் இருந்தபோது, அவரே கவுண்டி ஜனநாயகக் கட்சியின் தலைவரும்கூட. 2017-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகாவும் வெளியிட்ட புலனாய்வுத் தொடர் உள்ளதை உடைத்துச் சொன்னது. விலை குறைந்த வீடுகளுக்கு இருப்பதைவிட அதிக மதிப்பு, விலை கூடிய வீடுகளுக்குக் குறைந்த மதிப்பு. வக்கீல் வைத்து முறையீடு செய்யத் தெரிந்தவர்களுக்குக் குறைப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. அப்படி வழக்காடிச் சம்பாதித்தவர்களில் மாநில அவைத் தலைவர் மைக்கேல் மேடிகனும் சிகாகோ நகர மன்றத்தின் பெரும்புள்ளி எட்வர்ட் பர்க்கும் உண்டு. மக்கள் 2018 மார்ச்சில் கட்சியின் உள்தேர்தலிலேயே பெரியோஸைத் தோற்கடித்தார்கள். ஒருவருக்குக் குறைத்தால் அந்தச் சுமை ஆவியாகிப் போவதில்லை. அடுத்த தெருக்காரர் தலையில் இறங்குகிறது. சலுகை காட்டுகிற வரி அலுவலர் வேண்டும் என்று கேட்கும்போது, சலுகை நமக்குத்தான் கிடைக்கும் என்ற நினைப்பில் கேட்கிறோம். கிடைப்பது பெரும்பாலும் நம்மைவிடச் செல்வாக்கு உள்ளவர்களுக்கு.

இதுவரை ஒத்துக்கொண்டவர்கள் இப்போது பல்டி அடிப்பார்கள். "அப்படியானால் அவர் வெறும் குமாஸ்தா. பெருக்கல் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் போதாதா? இதற்குத் தேர்தல் எதற்கு, அதற்கு நாம் மெனக்கெட்டு ஓட்டுப் போடுவது எதற்கு?" வரியை ஏற்றும் எமன் என்ற முதல் கருத்தைவிட, ஒன்றுமில்லாத குமாஸ்தா என்ற இந்தக் கருத்து இன்னும் ஆபத்தானது.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி இந்த அலட்சியத்துக்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன். ராபர்ட் சிட்ரன் அங்கே பல்லாண்டு காலம் கருவூல அதிகாரியாகவும் வரி வசூல் அதிகாரியாகவும் இருந்தவர். கவுண்டியும் நகரங்களும் பள்ளி நிர்வாகங்களும் போட்டு வைத்திருந்த சுமார் 750 கோடி டாலர் அவர் கையில் இருந்தது. அதை அடமானமாக வைத்து மேலும் கடன் வாங்கி, முதலீட்டை 2,000 கோடி டாலரைத் தாண்டும் அளவுக்கு ஊத வைத்தார். வட்டி விகிதம் இறங்கியே இருக்கும் என்பது அவர் போட்ட பந்தயம். வருமானம் கொட்டியவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை; மற்ற கவுண்டிகள் பொறாமைப்பட்டன. 1994-இல் அவரை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் என்ற கணக்காளர், இது பெரும் ஆபத்து என்று பிரசாரம் முழுக்க எச்சரித்தார். ஜூன் தேர்தலில் மக்கள் சிட்ரனையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு வட்டி விகிதம் ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. நஷ்டம் 160 கோடி டாலருக்கு மேல். அதுவரை அமெரிக்காவில் எந்த உள்ளாட்சி அமைப்பும் அவ்வளவு பெரிய திவாலைக் கண்டதில்லை. சிட்ரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். தோற்றுப்போன மூர்லாக்கைக் கூப்பிட்டு அதே பதவியில் உட்கார வைத்தார்கள். குமாஸ்தா வேலைதானே என்று திவாலுக்கு ஆறு மாதத்துக்கு முன் நினைத்த ஊர் அது.

டெக்சஸில் வரி அலுவலருக்கு இப்படி முதலீடு செய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் பல கவுண்டிகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் பள்ளி, நகரம், மருத்துவமனை ஆகியவற்றின் சொத்து வரி வருமானமும் அவர் அலுவலகத்தின் வழியாகத்தான் பாய்கிறது. பதவியில் அமரும் முன் நேர்மையாகக் கடமை செய்வேன் என்று மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் அவர் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை.

பணத்தை விடுங்கள், தேதியைப் பாருங்கள். சொத்து வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. நம் குடும்பங்கள் டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ போய், பொங்கலை ஒட்டித் திரும்பி வரும்போது தபால் பெட்டி நிரம்பி வழிகிறது. அந்தக் குவியலுக்குள் பில் கிடக்கிறது. மார்ட்கேஜ் கம்பெனி எஸ்க்ரோவிலிருந்து கட்டியிருக்கும் என்று நம்பியிருப்போம். கடன் வேறு கம்பெனிக்குக் கைமாறியிருக்கும், யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். பிப்ரவரி 1 அன்று 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறுகின்றன. 8,000 டாலர் பில்லுக்கு ஒரே நாளில் 560 டாலர். மாதாமாதம் இரண்டும் ஒவ்வொரு சதவீதம் கூடும். ஜூலையில் அபராதம் மட்டும் 12 சதவீதமாகத் தாவும். வட்டி 6 சதவீதத்துடன் சேர்த்து 9,440 டாலர். அதற்கு மேல் வசூல் வக்கீலின் செலவு என்று 20 சதவீதம் வரை போடலாம். அப்படிப் போட்டால் 11,328 டாலர். "பில்லே வரவில்லை" என்ற சாக்கு சட்டத்தில் எடுபடாது.

இந்த அபராதத்தைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி செய்யவும் வரி அலுவலருக்கு அதிகாரமில்லை. வரி அமைப்பின் ஊழியரோ அப்ரைசல் டிஸ்ட்ரிக்டோ செய்த தவறால் கட்ட முடியாமல் போயிருந்தால் அந்தந்த போர்டு அபராதத்தை நீக்க வேண்டும். அதற்கும் 180 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் அவர் கையில் இருப்பவையும் கொஞ்சமில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வரி பாக்கி என்றால், கேட்டவருக்குத் தவணை ஒப்பந்தம் கொடுத்தாக வேண்டும். முந்தைய 24 மாதத்தில் அப்படி ஒப்பந்தம் போட்டிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 12 முதல் 36 மாதம் வரை அவகாசம் உண்டு. 65 வயதைக் கடந்தவர்களும் ஊனமுற்றவர்களும் அபராதம் இல்லாமல் நான்கு தவணையில் கட்டலாம். முதியவர்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் மனு கொடுத்து வரியை ஒத்திப்போடவும் வழி இருக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீத வட்டி ஓடும், வீடு ஏலத்துக்குப் போகாது.

இவை எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. கவுன்ட்டரில் நிற்கிற மூதாட்டிக்கு இவை தெரியுமா என்பதுதான் கேள்வி. ஒரு அலுவலகம் இவற்றை பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கலாம். இன்னொன்று நூலகத்திலும் கோயிலிலும் தேவாலயத்திலும் மேசை போட்டு, வியட்நாமியருக்கும் மெக்சிகோக்காரருக்கும் நமக்கும் புரிகிற மொழியில் சொல்லலாம். இரண்டு அலுவலகமும் ஒரே சட்டத்தைத்தான் அமல்படுத்துகின்றன. ஒரு கம்ப்யூட்டரால் செய்ய முடியாத வேறுபாடு இது.

மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் கதை நாடறிந்தது. மினியாபொலிஸில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு வரி பாக்கி சுமார் 2,300 டாலர். அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து அது 15,000 ஆனது. ஹென்னபின் கவுண்டி வீட்டைப் பறித்து 40,000 டாலருக்கு விற்றது. மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அப்போது டைலருக்கு வயது 94. வரி வசூலிக்கும் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டெக்சஸில் ஏலத்தில் மிஞ்சும் தொகை நீதிமன்றத்தில் இருக்கும். பழைய சொந்தக்காரர் இரண்டு ஆண்டுக்குள் கேட்டுப் பெறலாம். கேட்டால்தான் கிடைக்கும்; கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

குமாஸ்தா என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தேர்தல் பொறுப்பைத் தனி அதிகாரிக்கோ கவுண்டி கிளார்க்குக்கோ மாற்றிக்கொடுக்காத டெக்சஸ் கவுண்டிகளில், வாக்காளர் பட்டியலை வைத்திருப்பவரும் இதே வரி அலுவலர்தான். வரிக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம்? 1902-இல் டெக்சஸ் தலைவரி கொண்டுவந்தது. ஒன்றேமுக்கால் டாலர் வரை கட்டி ரசீது வைத்திருப்பவருக்குத்தான் ஓட்டு. கட்ட வேண்டிய கெடுவும் ஜனவரி 31. கறுப்பினத்தவரையும் மெக்சிகோ வம்சாவளியினரையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திய கருவி அது. அந்த ரசீதைக் கிழித்துக் கொடுத்த மேசை வரி வசூல் அதிகாரியுடையது. 1966-இல் நீதிமன்றம் அதை ஒழித்த பிறகும் பட்டியல் அதே அலுவலகத்தில் தங்கிவிட்டது. 2023-இல் ஹாரிஸ் கவுண்டியின் தேர்தல் நிர்வாகி பதவியை மாநிலச் சட்டமன்றம் ஒழித்தபோது, வாக்காளர் பதிவு மறுபடி வரி அலுவலரிடமே போனது. ஹூஸ்டன் இருக்கும் கவுண்டி அது. குடியுரிமை பெற்று முதன்முதலாக வாக்காளராகப் பதியும் தமிழரின் விண்ணப்பம் அங்கே சேர்வது இந்தக் 'குமாஸ்தா'வின் மேசைக்குத்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பெரிய கவுண்டிகளில் 2024 முதல் வரி அலுவலர் பதவி வழியாக அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இயக்குநர் குழுவில் உட்காருகிறார். ஆகவே மதிப்பிடும் முறையில் அவருக்குத் துளியும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழு நிர்வாகத்தையும் பட்ஜெட்டையும் கவனிப்பது. உங்கள் வீட்டின் மதிப்பில் கை வைக்க அதன் உறுப்பினருக்கு உரிமை இல்லை. மதிப்பு தவறு என்றால் மே மாதத்தில் ஆட்சேபனை மனு கொடுக்க வேண்டும். அதைக் கேட்பது தனி மறுஆய்வுக் குழு.

ஆகவே கோபப்படுவதை யாரும் விட வேண்டாம். கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்புங்கள். மதிப்பில் குறை இருந்தால் மே 15-க்குள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குப் போங்கள். நோட்டீஸ் தாமதமாக வந்திருந்தால் அதிலிருந்து 30 நாள் இருக்கிறது. விகிதத்தில் குறை இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஸ்கூல் போர்டு, சிட்டி கவுன்சில், கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டங்களில் எழுந்து பேசுங்கள். ஆட்சேபனை கொடுக்கவும் கூட்டத்தில் பேசவும் குடியுரிமை தேவையில்லை; எச்1பி விசாவில் இருப்பவரும் வரி கட்டுகிறார், அவரும் பேசலாம். வரி அலுவலர் பதவிக்கு ஒருவர் ஓட்டுக் கேட்டு வரும்போது, வரியைக் குறைப்பாரா என்று கேட்காதீர்கள். தவணை ஒப்பந்தம் பற்றி பாக்கிதாரருக்கு எப்போது, எந்த மொழியில் சொல்வார்? வசூலித்த பணத்தைப் பள்ளிக்கு எத்தனை நாளில் ஒப்படைப்பார்? தணிக்கை அறிக்கையில் முந்தையவர் வாங்கிய குறிப்புகளை எப்படிச் சரிசெய்வார்? வாக்காளர் விண்ணப்பங்களை எத்தனை நாளில் முடிப்பார்? இந்த நான்குக்கும் பதில் வைத்திருப்பவருக்கு ஓட்டுப் போடுங்கள். "வரியைக் குறைப்பேன்" என்று சொல்பவருக்கு அவர் கேட்கும் பதவியின் வேலை என்னவென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தே நம்மை ஏமாற்றுகிறார். இரண்டில் எதுவானாலும் அவருக்கு ஓட்டுப் போடக் கூடாது.